மளிகை, மரணம், மது!

டப்ளின் நகரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களோடு நாலு நண்பர்கள். வெளியே பொசுபொசுவென்று மழை. எல்லோருக்கும் நல்ல பசி. ‘அயர்லாந்து வரை வந்துட்டோம். ஒரு நல்ல ஐரிஷ் பப்பா பார்த்து உட்கார்ந்து சாப்பிடலாம்டா’ என்கிறார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். தேடிப் பிடிக்கிற பொறுப்பு உங்கள் தலையில்!

சுலபமான வேலை என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-ல் வெளியிட்ட ‘யுலிஸஸ்’ நாவலின் நாயகன் லியோபோல்ட் ப்ளூம், தெருவில் நடந்துகொண்டே தனக்குத்தானே ஒரு விடுகதை போட்டுக்கொள்கிறான். ஒரு பப்பைக்கூடக் கடக்காமல் டப்ளினை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிட முடியுமா? தொண்ணூறு வருடம் கழித்து கம்ப்யூட்டரையும் மேப்பையும் வைத்துக்கொண்டு அதற்கு விடை கண்டுபிடிக்க உட்கார்ந்தார்கள் என்றால், அந்த ஊரில் பப்கள் எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, பப் கிடைப்பது பிரச்னை இல்லை. ‘நல்ல’ என்ற ஒரு வார்த்தை சேர்ந்திருக்கிறதே, அதுதான் பிரச்னை. ‘ஐரிஷ்’ என்ற இன்னொரு வார்த்தை, அதைவிடப் பெரிய பிரச்னை. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொது வீடு. பல கிராமங்களில் நிஜமாகவே ஒரு வீட்டின் முன்கட்டுதான் பப். பின்கட்டில் குடும்பம். அதுமட்டுமில்லை. அயர்லாந்தின் சின்ன ஊர்களில் வெறும் சாராயம் விற்று யாரும் பிழைத்துவிட முடியாது. அதனால் ஒரே கூரைக்குக் கீழே மளிகைக் கடை, இரும்புக் கடை, விதை வியாபாரம், பப் எல்லாம் சேர்ந்தே நடந்தன. நுழைந்ததும் ஒரு பக்கம் டீத்தூள், சர்க்கரை, மாவு மூட்டை. இன்னொரு பக்கம் பீப்பாய். வீட்டுக்காரம்மா சாமான் கட்டச் சொல்லிக் காத்திருப்பார். வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஒரு கிளாஸோடு காத்திருப்பார். முதலாளியும் ஒருவரே, கல்லாப்பெட்டியும் ஒன்றே!

இன்றைக்கும் மிச்சம் இருக்கிறது. மேற்குக் கடற்கரை ஓரம் டிங்கிள் என்று ஓர் ஊர். அங்கே ‘டிக் மாக்ஸ்’ பப்பில் ஒரு பக்கம் பார், எதிர்ப்பக்கம் தோல் சாமான்கள். அதே ஊரில் ‘ஃபாக்ஸி ஜான்ஸ்’ என்று இன்னொன்று. ஆணி, சுத்தியல் விற்கிற இரும்புக் கடையும் பப்பும் ஒரே அறையில்.

மளிகை சரி. மரணம்?

1846-ல் பிரிட்டிஷ் ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. சந்தேக மரணம் நேர்ந்தால், விசாரணை முடியும்வரை உடலைப் பக்கத்தில் இருக்கிற பப்பில் கொண்டுபோய் வைக்கவேண்டும். காரணம் எளிமையானது. ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஊரிலேயே ஜில்லென்று இருக்கிற இடம் பப்பின் நிலவறைதான், பீப்பாய்கள் அடுக்கியிருக்கும் அறை. பிணம் வந்தது. பின்னாலேயே அழுதுகொண்டு உறவுக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் தேவைப்பட்டது. சவப்பெட்டியும் தேவைப்பட்டது. பப் முதலாளி யோசித்தார். ‘அதையும் நாமே செய்தால் என்ன?’

செய்தார்கள். பப் நடத்துகிறவரே ஊரின் அடக்கக் காரியங்களையும் எடுத்து நடத்துவது சகஜமாகிப்போனது. அந்தச் சட்டம் 1962 வரை புத்தகத்தில் இருந்தது. டிப்பரரி மாவட்டத்தில் ஃபெதர்ட் என்ற ஊரில் ‘மெக்கார்த்தீஸ்’ என்ற பழைய பப் ஒன்று, பப், ஹோட்டல், அடக்க ஏற்பாடு மூன்றையும் சேர்த்து நடத்திய குடும்பத்துடையது. ‘ஊற்றிக் கொடுப்போம், சாப்பாடு போடுவோம், புதைக்கவும் செய்வோம்’ என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டவர்கள்.

ஆச்சா? இப்போது ஒன்றைக் கவனியுங்கள். ஊரின் அரிசி பருப்பும் அங்கே, இழவும் அங்கே, அரட்டையும் அங்கே. அதனால்தான் ஐரிஷ்காரர்களுக்கு அது வெறும் சாராயக் கடை அல்ல, பொது வீடு!

பொது என்றால் எல்லோருக்கும் பொதுவா என்று நீங்கள் கேட்கவேண்டும். நியாயமான கேள்வி. இல்லை.

பழைய பப்களில் பார் கவுண்ட்டரின் ஓரத்தில் மரத்தடுப்பு போட்ட தம்மாத்தூண்டு அறை ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘ஸ்னக்’. உள்ளே நாலைந்து பேர் நெருக்கி உட்காரலாம். கவுண்ட்டர் பக்கம் சின்ன ஜன்னல். அதைத் தட்டினால் கிளாஸ் வரும், முகம் தெரியாது. யாருக்கு இந்த ஏற்பாடு? பாதிரியாருக்கு. டியூட்டியில் இருக்கிற போலீஸ்காரருக்கு. முக்கியமாகப் பெண்களுக்கு. பொது வீட்டில் பெண்களுக்குக் கிடைத்த இடம் அந்த மரப்பெட்டிதான். இன்று சுற்றுலாப் பயணிகள் ‘ஆஹா, எவ்வளவு அழகு!’ என்று ஸ்னக்கில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

1970-களில்கூடப் பல பப்களில் பெண்களுக்கு ‘பைன்ட்’ தரமாட்டார்கள். பைன்ட் என்றால் அரை லிட்டருக்குச் சற்று மேல், பெரிய கிளாஸ். அது ஆம்பளை சமாசாரம். பெண் கேட்டால் அரை பைன்ட்தான். நெல் மெக்காஃபர்ட்டி என்ற பத்திரிகையாளர் பெரிய கில்லாடி. சுமார் 30 பெண்களைச் சேர்த்துக்கொண்டு டப்ளினின் ஒரு பிரபல பப்புக்குள் நுழைந்தார். எல்லோருக்கும் பிராந்தி ஆர்டர் கொடுத்தார்கள். ஜோராக வந்தது. கடைசியில் ‘ஒரே ஒரு பைன்ட் கின்னஸ்’ என்றார்கள். ‘பெண்களுக்கு பைன்ட் கிடையாது’ என்றது கவுண்ட்டர். ‘அப்படியா சேதி? எங்கள் ஆர்டரை முழுசாகக் கொடுக்காதவர்களுக்கு எதற்குப் பணம்?’ என்று பிராந்தியைக் குடித்துவிட்டு, காசு கொடுக்காமல் கிளம்பிவிட்டார்கள்! இப்படிப் பெண் என்பதற்காகச் சேவை மறுப்பது குற்றம் என்று தெளிவாகச் சட்டம் வந்தது 2000-ம் ஆண்டில்தான். உங்களோடு வந்த நாலு பேரில் ஒருவர் தோழி என்றால், அவர் கையில் இருக்கிற பெரிய கிளாஸ் அவ்வளவு சுலபமாக வந்ததில்லை.

சரி, பசிக்கிறது என்றீர்களே. சாப்பாட்டுக்கு வருவோம்.

இங்கேதான் பெரிய வேடிக்கை. ‘பாரம்பரிய ஐரிஷ் பப் சாப்பாடு’ என்று எதைத் தேடுகிறீர்களோ, அது பாரம்பரியமே இல்லை! சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை பெரும்பாலான பப்களில் சாப்பாடு என்றால் ஒரு டோஸ்ட் செய்த சாண்ட்விச், மிஞ்சிப்போனால் ஒரு சூப். சாப்பாடு வீட்டில். பப்பில் பேச்சு. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் கடும் தண்டனை என்று சட்டம் இறுகியது. 2004 மார்ச் 29 அன்று, உலகிலேயே முதல் நாடாக அயர்லாந்து எல்லாப் பணியிடங்களிலும் புகைபிடிக்கத் தடை போட்டது. பப்பும் ஒரு பணியிடம்தானே! சிகரெட் புகை போன இடத்தில் சமையல் வாசனை வந்து சேர்ந்தது. சமையலறைகள் பெருகின.

மெனு கார்டைப் பாருங்கள். ஐரிஷ் ஸ்ட்யூ. ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். கோல்கேனன். மசித்த உருளைக்கிழங்கில் முட்டைக்கோஸும் வெண்ணெயும். பாக்ஸ்டி. உருளைக்கிழங்கைத் துருவி வார்த்த அடை. காடில். உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு சாசேஜும் பன்றி இறைச்சித் துண்டுகளும் போட்டு வேகவைத்த டப்ளின் குழம்பு. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிடக்கூடாது, அதனால் வியாழன் ராத்திரி வீட்டில் மிச்சம் மீதி இருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டதிலிருந்து வந்தது என்பார்கள்.

எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு. கவனித்தீர்களா?

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஏழை ஐரிஷ் கூலியாள் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கிலோ உருளைக்கிழங்கு சாப்பிட்டான். தொட்டுக்கொள்ள மோர். அவ்வளவுதான் சாப்பாடு. விளைந்த கோதுமையும் ஓட்ஸும்? விற்று வாடகை கட்டவேண்டும். வளர்த்த பன்றி? ‘நம் வீட்டு வாடகை கட்டுகிற கனவான்’ என்றே அதற்குச் செல்லப்பெயர். 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் ஒரு பூஞ்சை மாதிரியான நோய் விழுந்தது. வயல்கள் அழுகி நாறின. அடுத்த ஏழு வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் பசியிலும் நோயிலும் செத்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கும் மேல் கப்பலேறினார்கள். ஜனங்கள் புல்லைத் தின்றுகொண்டிருந்த அதே நாட்களில் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து ஓட்ஸும் வெண்ணெயும் மாடுகளும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தன. வியாபாரம் நிற்கவில்லை.

1841-ல் அந்தத் தீவின் ஜனத்தொகை 81 லட்சத்துக்கு மேல். இன்று வடக்கு, தெற்கு இரண்டையும் கூட்டினாலும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. பதினெட்டு பத்தாண்டுகள் ஆகியும்! மேஜைக்கு வரும் அந்த மசித்த கிழங்குக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ‘ஐரிஷ் டின்னர்’ என்றால் ‘கார்ன்டு பீஃப்’, அதாவது உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, கூடவே முட்டைக்கோஸ். இதை டப்ளினில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அவர்கள் வீட்டில் பன்றி இறைச்சியும் முட்டைக்கோஸும்தான். இதன் பின்னணி சுவாரஸ்யம். 1660-களில் ஐரிஷ் மாடுகளை உயிரோடு இறக்குமதி செய்ய இங்கிலாந்து தடை போட்டது. உடனே கார்க் துறைமுகத்து வியாபாரிகள் மாட்டை வெட்டி, உப்பிலிட்டு, பீப்பாயில் அடைத்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதைத் தின்றுதான் கடல் தாண்டியது. அதை உற்பத்தி செய்த ஐரிஷ் ஏழைக்கு மட்டும் வாங்கிச் சாப்பிட வக்கில்லை. பஞ்சத்துக்குத் தப்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தபிறகுதான், அங்கே யூதர்களின் கறிக்கடையில் அது மலிவாகக் கிடைத்தது. ஊரில் எட்டாத பண்டம், அகதியான இடத்தில் எட்டியது. அதையே தங்கள் பண்டிகைச் சாப்பாடாக ஆக்கிக்கொண்டார்கள்.

பண்டிகை என்றதும் ஞாபகம் வருகிறது. மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினம். உலகமே பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு ஐரிஷ் பப்பில் ஆடும் நாள். ஆனால் அயர்லாந்தில் 1920-களில் வந்த ஒரு சட்டத்தால் பல பத்தாண்டுகள் அன்று பப்களுக்கு விடுமுறை! சர்ச்சுக்குப் போ, வீட்டுக்குப் போ, அவ்வளவுதான். ஊர்வலமும் கொண்டாட்டமும் 18-ம் நூற்றாண்டிலேயே நியூயார்க் ஐரிஷ்காரர்கள் நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். புனித வெள்ளியன்று பப் மூடவேண்டும் என்ற விதி 2018-ல்தான் போனது.

பாட்டு? மூலையில் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து வயலினும் புல்லாங்குழலும் வாசிக்க, கூட்டம் காலால் தாளம் போடுமே, அந்த ‘செஷன்’? ஆதிகாலத்து வழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை! கிராமங்களில் பாட்டும் ஆட்டமும் வீட்டு அடுப்படியில், நாற்சந்தியில் நடந்தவை. 1935-ல் பொது நடனத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் வர, பாதிரிமாரும் போலீஸும் வீட்டு ஆட்டங்களையே விரட்ட ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கட்டட வேலைக்காக லண்டன் போன ஐரிஷ் தொழிலாளிகள் சின்னச்சின்ன வாடகை அறைகளில் அடைந்து கிடந்தார்கள். அறையில் வாசித்தால் வீட்டுக்காரர் திட்டுவார். அதனால் கேம்டன் டவுன் பக்கத்து பப்களில் உட்கார்ந்து வாசித்தார்கள். ஊர் நினைப்பை அடக்க முடியாமல் வாசித்த அந்த வாசிப்புதான் பிறகு ஊருக்கே திரும்பி வந்தது. டப்ளின் மெரியன் ரோவில் இருக்கிற ‘ஓ’டோனஹூஸ்’ பப்பில் இப்படி வாசித்துக்கொண்டிருந்தவர்கள் சேர்ந்துதான் 1962-ல் ‘தி டப்ளினர்ஸ்’ என்ற உலகப் புகழ் பெற்ற கோஷ்டி உருவானது.

புரிகிறதா? சாப்பாடு ஒரு பகுதி நியூயார்க்கில். பண்டிகைக் கொண்டாட்டம் அமெரிக்காவில். செஷன் லண்டனில். ‘அசல் ஐரிஷ்’ என்று நீங்கள் தேடுகிற சமாசாரத்தில் பாதியை உருவாக்கியவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள்.

இந்த ஏக்கத்தில் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடிக்காமல் விடுவாரா? மெல் மெக்நல்லி. டப்ளினில் ஆர்கிடெக்சர் படித்தபோது பப்களையே ப்ராஜெக்டாக எடுத்து, அங்குலம் அங்குலமாக அளந்தவர். 1990-ல் ‘ஐரிஷ் பப் கம்பெனி’ தொடங்கினார். கின்னஸ் கம்பெனி கைகோத்தது. பிளான் என்ன? முழு பப்பையும் அயர்லாந்தில் செய்து, பிரித்து, கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவது! விக்டோரியா காலத்து மாடலா, கிராமத்துக் குடிசை மாடலா, மளிகைக் கடை மாடலா? டிக் அடித்தால் போதும். மர கவுண்ட்டர், கலர் கண்ணாடி, துருப்பிடித்த பழைய சைக்கிள், டீத்தூள் டப்பா எல்லாம் வந்து இறங்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. அந்த மாடல் பப்பின் அலமாரியில் பார்க்கிற காலி மளிகை டப்பாக்கள், ஒரு காலத்தில் நிஜமான சர்க்கரையும் டீயும் வைத்திருந்த டப்பாக்களின் நிழல்.

உலகமெல்லாம் பப் முளைக்க, உள்ளூரில் என்ன நடந்தது? 1902-ல் வந்த சட்டத்தால் புதுசாக பப் லைசென்ஸ் கிடைப்பது அநேகமாக நின்றுபோனது. பழைய லைசென்ஸ் ஒன்றை வாங்கி அணைத்தால்தான் புதுசு. 2005-ல் 8,600-க்கு மேல் இருந்த பப்களின் எண்ணிக்கை, 2021-ல் 6,800-க்கும் கீழே வந்துவிட்டது. பெரும்பாலும் கிராமத்து பப்கள். இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் வண்டி ஓட்டவேண்டும். வீட்டில் டி.வி.யும் மலிவான பாட்டிலும் இருக்கிறது. ‘குடி குறைந்தால் நல்லதுதானே?’ என்பீர்கள். பாதி சரி. 1838-ல் ஃபாதர் மேத்யூ என்ற பாதிரியார் கார்க் நகரில் மதுவிலக்கு உறுதிமொழி வாங்க ஆரம்பித்தபோது லட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். குடியால் கெட்ட குடும்பங்கள் அங்கே அத்தனை. ஆனால் ஒரே பப்பும் மூடிய கிராமத்தில் தனியாக வாழும் கிழவருக்குப் போனது கிளாஸ் மட்டும் இல்லை. சாயங்காலம் ‘என்ன, நேத்து காணோமே?’ என்று கேட்கிற குரலும் போனது.

சரி, உங்கள் நண்பர்கள் மழையில் நிற்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் படித்தது பி.காம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் ‘ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்று ஒன்று உயிரை எடுக்கும். ஸ்டூடண்டான நம்மை வதைக்கத்தான் அந்தப் பெயர் என்று நினைத்ததுண்டு. ‘ஸ்டூடண்ட்’ என்பது ஒருவரின் புனைபெயர். நிஜப்பெயர் வில்லியம் கோசெட். 1899-ல் டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர்! பார்லியும் ஹாப்ஸும் தரமானதா என்று ஒரு சில சாம்பிளை மட்டும் வைத்து எப்படி முடிவு செய்வது என்பது அவர் வேலை. தொழில் ரகசியம் வெளியே போகக்கூடாது என்று கம்பெனி கறாராக இருந்ததால், 1908-ல் புனைபெயரில் கட்டுரை எழுதினார். குறைந்த சாம்பிளை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்லாதே, சந்தேகத்தையும் அளந்து சொல். இதுதான் சாரம்.

உங்கள் பிரச்னையும் அதேதான். ஒரு ராத்திரி, ஒரு பப். அதனால் சில அடையாளங்களை மட்டும் சொல்கிறேன். வாசலில் மைக் வைத்துப் பாடி ஆள் கூப்பிட்டால், நகருங்கள். மெனு நாலு பக்கத்துக்கு மேல் நீண்டால் சமையலறை ஃப்ரீஸரை நம்பியிருக்கிறது என்று பொருள். மெனுவே பலகையில் எழுதி, அதில் இரண்டு ஐட்டம் அழித்திருந்தால் உட்காரலாம். பல பப்களில் ராத்திரி ஒன்பது மணியோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள், முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ரவுண்டு’ முறை தெரிந்திருக்கட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருவர் எல்லோருக்கும் வாங்கவேண்டும். ஐந்து பேர் என்றால் ஐந்து சுற்றில் போய் முடியும், ஜாக்கிரதை! குடிக்காதவர் முதலிலேயே ‘எனக்கு டீ’ என்று சொல்லிவிடலாம். யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மார்பில் பின் குத்திக்கொண்டு ‘நாங்கள் மதுவைத் தொடமாட்டோம்’ என்று வாழ்ந்த பெரிய கூட்டமே அந்த நாட்டில் உண்டு. கின்னஸ் ஊற்றினால் பாதியில் நிறுத்தி, நுரை அடங்கும்வரை விட்டு, பிறகு நிரப்புவார்கள். சுமார் இரண்டு நிமிஷம். அவசரப்படுத்தாதீர்கள்.

ஒரே ஓர் இடம் சொல் என்கிறீர்களா? க்ளாஸ்னெவின் கல்லறைக்குப் போங்கள். பயப்படாதீர்கள்! கத்தோலிக்கர்களைக் கௌரவமாகப் புதைக்க இடம் வேண்டும் என்று போராடிய டேனியல் ஓ’கானலால் 1832-ல் திறக்கப்பட்ட கல்லறை. அதன் மதிலை ஒட்டி, 1833-லிருந்து ஒரு பப். ‘ஜான் கவனா’ என்பது போர்டில் இருக்கிற பெயர். ஊர் கூப்பிடும் பெயர் ‘க்ரேவ்டிக்கர்ஸ்’, அதாவது குழிவெட்டிகள். குழி தோண்டுகிறவர்கள் மண்வெட்டியால் மதிலைத் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து கிளாஸ் வருமாம், அப்படி ஒரு கதை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். டி.வி. கிடையாது. பாட்டு கிடையாது. பேசத்தான் வேண்டும். அந்தக் காடில் குழம்பு அங்கே கிடைக்கும்.

நண்பர்களோடு உட்காருங்கள். பக்கத்து மேஜைக்காரர் திரும்பி ‘எந்த ஊரிலிருந்து?’ என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் யாராவது ஒருவர் கப்பலேறிப் போயிருப்பார். பேச்சு அங்கிருந்து நீளும். சாப்பாடு முடிந்ததும் ‘நல்ல பப்தானா?’ என்று நண்பர்கள் கேட்பார்கள்.

ஒரு சாம்பிளை வைத்துச் சொல்லமுடியாது, இன்னொரு தரம் வந்து பார்க்கணும் என்று சொல்லிவிடுங்கள்!